நாற்பது நாள் பல்

சுத்தியலின் மூன்றாவது அடியில் பிளாஸ்டர் கட்டி இரண்டாகப் பிளந்தது. முன்னறையில் பாடிக்கொண்டிருந்தவர்கள் ஒரு வரியைத் தவறவிட்டு அடுத்த வரியில் சேர்ந்துகொண்டார்கள். அவள் கட்டியைத் திருப்பி வைத்து நான்காவது அடியைப் போட்டாள்.

முன்னறையில் அண்ணனைப் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். அதற்கும் இந்தப் பட்டறைக்கும் நடுவே ஒரு சுவரும் ஒரு திரைச்சீலையும்தான். மூன்று மணிக்கு அடக்கம். இப்போது எட்டரை. கட்டிக்குள்ளிருந்து இளஞ்சிவப்பு ஈறோடு மேல்வரிசைப் பல்செட்டு எட்டிப் பார்த்தது. அதை உடையாமல் வெளியே எடுக்க வேண்டும், ஓரங்களை ராவ வேண்டும், மெருகேற்ற வேண்டும். கீழ்வரிசைக்கும் இதே பாடு. அடக்கத்துக்கு முன்னால் இந்தப் பல் ஒரு வாயில் உட்கார்ந்தாக வேண்டும் என்று அவள் விடியும்போதே முடிவு செய்துவிட்டாள். அவள் முடிவு செய்துவிட்டால் அப்புறம் அவளே நினைத்தாலும் மாற்ற முடியாது.

திரையை விலக்கிக்கொண்டு பெரியம்மா வந்தார். செத்த வீட்டில் யார் எங்கே உட்கார வேண்டும், அழுகையை எப்போது நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அந்தக் குடும்பத்தில் பெரியம்மாவின் நிர்வாகம்.

“என்னடி சத்தம் இது? கூடப் பிறந்தவனை அங்க கிடத்திட்டு, இங்க உடைச்சுக்கிட்டு இருக்கே.”

“பல்செட்டு, பெரியம்மா. இன்னிக்கே முடிக்கணும்.”

“பல்லு எங்கயாவது ஓடிப் போயிடுமா?”

“பல்லு போகாது. ஆள் போயிடுவார்.”

யாருக்கு என்று பெரியம்மா கேட்டார். அவள் சொன்னாள். பெரியம்மாவின் வாய் அப்படியே நின்றுவிட்டது. அந்த வாயிலிருந்ததும் அண்ணன் கட்டிய பல்தான். கோபம் வந்தால் அது லேசாகக் கிளுக்கென்று சத்தம் போடும். இப்போது இரண்டு முறை போட்டது. பிறகு அவர் திரையைத் தள்ளிக்கொண்டு போனார். இன்னும் ஐந்து நிமிடத்தில் வீடு முழுக்கத் தெரிந்துவிடும். தெரியட்டும் என்று அவள் ராவுகிற அரத்தை எடுத்தாள்.

அண்ணன் பல் கட்டுகிறவர். ஊரில் பாதிப் பேர் அவர் கட்டிய பல்லால்தான் சிரித்தார்கள், சண்டை போட்டார்கள். அவர் மெழுகில் பல்லை நட்டுக் கொடுப்பார். அவள் அதை அச்சில் வார்த்து, ராவி, மெருகேற்றுவாள். கல்யாணமாகி இரண்டே வருடத்தில் தனியாகத் திரும்பி வந்த நாளிலிருந்து இதுதான் அவள் பிழைப்பு. இருபத்தெட்டு வருடம் ஒரே மேசையின் இரண்டு பக்கம் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

அதில் முதல் பத்தொன்பது வருடம் அண்ணன் குடித்தார். குடித்தால் கை நடுங்கும். குடிக்காவிட்டால் அதைவிட நடுங்கும். நடுங்குகிற கை நட்ட பல் கோணலாகத்தான் இருக்கும். அவர் தூங்கப் போன பிறகு அவள் கத்தியைச் சுடவைத்து, மெழுகை இளக்கி, ஒவ்வொரு பல்லாக நேராக்கி வைப்பாள். காலையில் அவர் அதைப் பார்ப்பார். ஒன்றும் கேட்க மாட்டார். அவளும் ஒன்றும் சொல்ல மாட்டாள். பூசி மெழுகுவது என்று மற்றவர்கள் பேச்சுக்குச் சொல்வதை அவள் கையால் செய்தாள். அதற்குப் பாசம் என்று பேரும் வைத்திருந்தாள்.

பிறகு ஒருநாள் அண்ணன், தான் வாய்க்கு வாய் கிண்டல் செய்துகொண்டிருந்த ஜெபவீட்டின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அங்கே என்ன நடந்தது என்று அவர் விலாவாரியாகச் சொன்னதில்லை. “கூப்பிட்டார், போனேன்” என்பார். அதற்கு மேல் கேட்டால், “இத்தனை நாள் செத்துக்கிட்டு இருந்தேன், அதுக்கு வாழ்க்கைன்னு பேர் வச்சிருந்தேன்” என்பார். கை நடுக்கம் நிற்க ஆறு மாதம் ஆனது. அதன்பின் ஒன்பது வருடம் அந்த வீட்டில் யாரும் யாருக்கும் பயப்படவில்லை. அண்ணி சத்தமாகச் சிரிக்கிறவள் என்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

குடியை விட்டுவிட்டு அந்த ஜெபவீட்டுக்கு வருகிறவர்கள் பலருக்குப் பல் இருக்காது. விழுந்து போனது, அடிபட்டுப் போனது, அழுகிப் போனது. பல் இல்லாத ஆள் வேலை கேட்கப் போனால் வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசுகிறான், அவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்று அண்ணன் கேட்டார். நாற்பது நாள் தொடாமல் இருந்தால் பல் இலவசம் என்று அவரே ஒரு சட்டம் போட்டார். அளவெடுப்பதிலிருந்து வாயில் மாட்டிவிடுவது வரை எல்லாம் அவரே. சாத்தானை அவர் பேர் சொல்லிக் குறிப்பிடமாட்டார். தொழில் போட்டிக்காரனைச் சொல்வதுபோல ‘அவன்’ என்பார், கர்த்தரை ‘இவர்’ என்பார். “உடைக்கிறதுதான் அவன் தொழில், அது ஒண்ணுதான் அவனுக்குத் தெரியும். இவருக்குக் கட்டத்தான் தெரியும். நான் இவர்கிட்ட வேலைக்குச் சேர்ந்துட்டேன்.”

பதினேழு பேருக்குக் கட்டியாகிவிட்டது. பதினெட்டாவது ஆள் பெயிண்டர்.

பெயிண்டர் கட்டடங்களுக்கு வர்ணம் அடிக்கிறவர். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத ஆள் என்று அண்ணன் சொல்வார். சொல்லிவிட்டு, “பல்லே இல்லையே, எப்படிக் கடிப்பார்” என்று தானே சிரித்துக்கொள்வார். திங்கட்கிழமை அவருக்கு நாற்பதாவது நாள். அன்று மதியம் அதை நேரில் சொல்லிவிட்டு வருகிறேன் என்று அண்ணன் கிளம்பிப் போனார். ஒரு மணி நேரம் கழித்து, பெயிண்டர் அவரை முதுகில் சுமந்துகொண்டு மூன்று மாடி இறங்கித் தெருவில் நின்று கத்தியிருக்கிறார். இரண்டு பேர் சட்டையிலும் சாராய நெடி. அறையில் காலிப் பாட்டில் ஒன்று கிடந்தது. வாந்தி மூச்சுக்குழாயில் அடைத்து இறந்திருக்கிறார் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். யார் கேட்டாலும் பெயிண்டர் ஒரே பதில்தான் சொன்னாராம்: “என் பாட்டில்தான். நான்தான் வாங்கினேன்.”

மூன்று நாளாக வீடு அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு நின்றது. அண்ணி அழவேயில்லை. பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து, “இவரு போகல. அந்தப் பெயிண்டர்தான் இழுத்துட்டுப் போயிட்டான்” என்று வருகிறவர்களிடமெல்லாம் ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். லாரி ஓட்டுகிற அண்ணன் மகன் வாசலைக் கண்கொத்திப் பாம்பு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஆள் படியை மிதித்தால் காலை உடைப்பேன் என்று சொல்லிவிட்டான், சொன்னதைச் செய்கிறவன்.

அவளுக்கு மட்டும் வேறொன்று தெரியும். அண்ணன் இறப்பதற்குப் பதினோரு நாள் முன்னால், காலையில் அவள் மேசைக்கு வந்தபோது, மெழுகில் நட்டிருந்த பெயிண்டரின் மேல்வரிசை கோணலாக இருந்தது. கோரைப்பல் ஒன்று திரும்பியிருந்தது. முன்பல் இரண்டும் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு நின்றன. ஒன்பது வருடமாக அந்தக் கை அப்படி நட்டதில்லை. அவள் செய்தது என்ன? விளக்கைப் பற்றவைத்தாள், கத்தியைச் சுடவைத்தாள், நேராக்கினாள். அண்ணன் வந்து மேசையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள் குழாயடிப் பக்கம் திரும்பி எதையோ கழுவினாள். மறுநாளும் கோணல். மறுநாளும் கத்தி.

“அண்ணே, மறுபடியுமா?” என்று இரண்டே வார்த்தை. அதைக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

மெருகேற்றும் இயந்திரத்தின் துணிச்சக்கரம் சுழல ஆரம்பித்ததும் போதகர் வந்துவிட்டார். நல்ல மனிதர், அண்ணனைக் கடைசி பெஞ்சிலிருந்து முன்னால் கூட்டிக்கொண்டு வந்தவர் அவர்தான். மூன்று நாளாகத் தூங்காத கண். சிஸ்டர், கொஞ்ச நேரம் நிறுத்தக்கூடாதா என்று கேட்டார். அவள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, இன்றைக்கு என்ன பேசப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டாள். ஜீவன் கொடுக்க வந்தவர் ஒருவர், அழிக்க வருகிறவன் ஒருவன் என்று பேசப்போவதாகச் சொன்னார். சத்துரு நேரடியாக வரமாட்டான், ஒரு மனுஷனைப் பிடித்துக்கொண்டு அவன் கையால் வருவான், பெயர் சொல்லாமல் அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும், பெஞ்சுகளில் இன்னும் பத்துப் பேர் தள்ளாடிக்கொண்டிருக்கிறார்கள் என்றார்.

“பேர் சொல்லலன்னாலும் எல்லாருக்கும் தெரியும், ஐயா. பெயிண்டருக்கும் தெரியும்.”

“தெரியட்டும்மா. மனந்திரும்ப அது ஒரு வழி.”

“அதுக்கு அவர் உயிரோட இருக்கணுமே.”

போதகர் அவள் கையிலிருந்த பல்லைப் பார்த்தார். இவ்வளவு கரிசனம் அந்த ஆள் மேல் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே சொல்லியிருப்பாள். அவள் சக்கரத்தை மறுபடி ஓடவிட்டாள்.

பதினொன்றரைக்கு இரண்டு வரிசையும் கண்ணாடியாகப் பளபளத்தன. தண்ணீர் ஊற்றிய சின்ன டப்பாவில் போட்டு மூடினாள். கடிமட்டம் பார்க்கிற நீலத் தாள் இரண்டு, கை அரம், ஒரு துண்டு. பின்வாசல் வழியாக இறங்கினாள். அண்ணன் மகன் பார்த்துவிட்டான்.

“எங்க போறீங்க, அத்தை?”

“உங்கப்பா பாதியில விட்ட வேலை ஒண்ணு இருக்கு.”

அவனுக்குப் புரிந்துவிட்டது. முகம் கறுத்தது. வழியை மறிப்பதுபோல ஒரு அடி வைத்தான். அவள் நடையின் வேகத்தைக் குறைக்கவில்லை, அவன்தான் ஒதுங்கினான்.

பெயிண்டரின் அறை, இரும்புச் சாமான் கிடங்கு ஒன்றின் மேலே மூன்றாம் மாடி. படியெல்லாம் பழைய வர்ணத் துளிகள். கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டினாள். யாரென்று சொன்னாள். உள்ளே ஏதோ நகர்ந்தது, கதவு திறக்கவில்லை.

“என்னைத் திட்டணும்னா அங்கிருந்தே திட்டுங்க, அக்கா. கேட்டுக்கறேன்.”

“திட்ட வரல. பல்லு போட வந்தேன். கதவைத் திறந்தாத்தான் போட முடியும்.”

வெகு நேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது. மூன்று நாள் தாடி. கண் இரண்டும் குழியில் கிடந்தன. அறையில் ஒரு பாய், ஒரு நாற்காலி, சுவரோரம் வர்ண டப்பாக்கள், கழுவிக் கவிழ்த்த தூரிகைகள். மேசை மேல் ஒரு பாட்டில். மூடியின் முத்திரை உடையாமல் முழுசாக இருந்தது. நாற்காலி அதைப் பார்த்துத்தான் போடப்பட்டிருந்தது. எத்தனை நேரமாக அவர் அதன் எதிரில் உட்கார்ந்திருந்தார் என்று அவள் கேட்கவில்லை. நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு, உட்காரச் சொன்னாள்.

“எனக்கெதுக்குக்கா இது? நாப்பது நாள் சட்டம் எனக்குப் பொருந்தாது இனிமே.”

“வாயைத் திறங்க.”

அடுத்தவர் வாயில் அவள் கை வைத்ததில்லை. அவள் வேலை மேசையோடு முடிந்துவிடும்; வாய் எல்லாம் அண்ணனுடையது. பல்லைக் கடித்துக்கொண்டு விரலை உள்ளே விட்டாள். ஈறு ஈரமாக, இளஞ்சிவப்பாக, ஆறியிருந்தது. மூச்சு அவள் முகத்தில் பட்டது. குடித்தவர் மூச்சு எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பத்தொன்பது வருடம் அதோடு ஒரே கூரைக்கடியில் இருந்தவள். இது பட்டினி கிடந்தவரின் வெறும் மூச்சு. நாற்பதாம் நாளில் விழுந்த ஆள் நாற்பத்து மூன்றாம் நாள் இப்படி இருக்க வழியே இல்லை. திங்கட்கிழமை விழுந்திருந்தால் இந்த முத்திரை இதற்குள் எங்கோ குப்பையில் கிடந்திருக்கும்.

மேல்வரிசையை வைத்து அழுத்தினாள். சப்பென்று பிடித்துக்கொண்டது. கீழ்வரிசையை வைத்தாள்.

“திங்கக்கிழமை நீங்க குடிக்கல” என்றாள்.

வாயில் பல்லையும் அவள் விரலையும் வைத்துக்கொண்டு அவரால் பொய் சொல்ல முடியவில்லை.

“பாட்டில் அண்ணன் கொண்டுவந்தது” என்றாள் மறுபடி.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் விரலை எடுத்தாள். தண்ணீர் கொடுத்தாள். அதைக் குடித்துவிட்டு, புதுப் பல் தடுக்கத் தடுக்க, அவர் சொன்னார். அண்ணன் பாதிப் பாட்டிலோடு வந்தாராம். மீதிப் பாதி ஏற்கெனவே உள்ளே போயிருந்தது. பத்து நாளுக்கு மேலாகத் தொட்டுக்கொண்டிருப்பதாகவும், தன்னால் கீழே வைக்க முடியவில்லை என்றும் சொல்லியிருக்கிறார். இதை என் கையிலிருந்து பிடுங்கு என்று நீட்டியிருக்கிறார். இவர் வாங்கினார். இழுபறியில் கொஞ்சம் இவர் சட்டையில் சிந்தியது. தொட்டியில் கொண்டுபோய்க் கவிழ்த்துவிட்டு, நெடி போகட்டும் என்று குழாயைத் திறந்துவிட்டார். திரும்பிப் பார்த்தபோது அண்ணன் பாயில் மல்லாந்து கிடந்தார்.

“அரை நிமிஷம்க்கா. குழாயைத் திறந்த அந்த அரை நிமிஷம். பக்கத்துலயே இருந்திருந்தா ஒருக்களிச்சுப் படுக்க வச்சிருப்பேன்.”

“எங்கிட்ட பதினோரு நாள் இருந்துச்சு” என்றாள் அவள்.

கோணல் பல்லைப் பற்றி முதல்முறையாக இன்னொரு மனிதரிடம் சொன்னாள். இப்போது அவர் வாயில் இருக்கிற கோரைப்பல்தான் அது என்பதையும் சொன்னாள். அவர் நாக்கால் அதைத் தொட்டுப் பார்த்தார்.

“ஏன் உங்க தலையில போட்டுக்கிட்டீங்க?”

“பதினேழு பேர் இருக்காங்களே. அவரே விழுந்துட்டார்னு தெரிஞ்சா எத்தனை பேர் நிப்பாங்க? நான் விழுந்தா யாருக்கு என்ன? நான் எப்பவும் விழறவன்தான்.”

“அதான் இன்னொண்ணு வாங்கி வச்சிருக்கீங்களா?”

அவர் தலை குனிந்தார். மூன்று மணிக்கு அண்ணனை எடுத்த பிறகு குடிப்பது என்று முடிவு செய்திருந்தாராம். சொன்ன பொய்யை உண்மையாக்கிவிட்டால் நிம்மதி என்று தோன்றியதாம். அவளுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. மூன்று நாளாக வராத கோபம். அது இவர் மேல் இல்லை என்பதும் கூடவே தெரிந்தது.

“நல்லாக் கேட்டுக்குங்க. அவன் ஒருத்தரைத் தொட்டான். அவரும் கடைசியா அவன் சரக்கை எடுத்துட்டு வந்து உங்க கையில குடுத்துட்டுத்தான் போனார். நீங்க அதை மறைச்சீங்கன்னா, அவர் குடிச்சது மட்டும் மறையாது, குடுத்ததும் மறைஞ்சிடும். மறைச்சு நல்லது பண்றதெல்லாம் அவன் கடைச் சரக்கு. நான் பத்தொன்பது வருஷம் வாங்கினேன், அப்புறம் பதினோரு நாள் வாங்கினேன். இனிமே வாங்க மாட்டேன். உங்களையும் அவனுக்குத் தர மாட்டேன்.”

“அண்ணி தாங்க மாட்டாங்க.”

“தாங்குவாங்க. தாங்கலன்னா நான் பக்கத்துல இருப்பேன். இப்போ இதைக் கடிங்க.”

நீலத் தாளை இரண்டு வரிசைக்கும் நடுவே வைத்தாள். கடித்தார். வலது பக்கம் ஒரு பல்லில் மட்டும் கறை அழுத்தமாக விழுந்தது. கழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, மறுபடி மாட்டினாள். மறுபடி கடித்தார். மூன்றாவது முறை கறை எல்லாப் பல்லிலும் ஒரே மாதிரி விழுந்தது. ஈறு புண்ணாகும், வலித்தாலும் கழற்றக்கூடாது, வாரா வாரம் புதன்கிழமை வந்து காட்ட வேண்டும் என்று அண்ணன் சொல்கிற எல்லாவற்றையும் அவள் சொன்னாள். சொல்லும்போதுதான் இனிமேல் புதன்கிழமைகளில் பட்டறையில் அண்ணனின் நாற்காலியில் தான்தான் உட்கார வேண்டும் என்பது அவளுக்கு உறைத்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அந்தப் பாட்டிலை என்ன பண்றது?” என்றாள்.

“எனக்கு ஊத்தத் தெரியும்க்கா” என்று அவர் எழுந்தார். இந்த முறை அவள் தொட்டி வரைக்கும் கூடவே போய் நின்றாள்.

இருவரும் வீட்டுக்கு வந்தபோது ஒன்றே முக்கால். அவர் சட்டை மாற்றி, முகம் கழுவி, தலை வாரியிருந்தார்; அதுதான் பார்த்தவர்களுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அண்ணன் மகன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தான். அவள் இருவருக்கும் நடுவே போய் நின்று, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

“என்னை அடிச்சிட்டு அப்புறம் அவரை அடி. முதல்ல நான் பேசுறதைக் கேளு.”

அவன் கை பாதி வழியில் நின்றது. அவனைத் தாண்டி உள்ளே போனாள். பெயிண்டர் அவள் நிழலைப்போல ஒட்டிக்கொண்டு வந்தார். போதகர் எழுந்து நின்றுவிட்டார். அண்ணி தலையைத் தூக்கிப் பார்த்தாள். பார்வை பெயிண்டர் மேல் விழுந்ததும் முகம் கல்லானது.

அவள் அண்ணியின் காலடியில் தரையில் உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள்.

“அண்ணி, அவர் மறுபடி குடிக்க ஆரம்பிச்சது எனக்குத் தெரியும். பதினோரு நாள் முன்னாடியே தெரியும். நட்ட பல்லு கோணலா இருந்துச்சு. நான் நேராக்கி வச்சிட்டு வாயை மூடிக்கிட்டேன். யாருகிட்டயும் சொல்லல. உங்ககிட்டயும் சொல்லல.”

அண்ணி தன் கையை மெல்ல உருவிக்கொண்டாள். அண்ணி இப்படிச் செய்வாள் என்று எதிர்பார்த்துத்தான் அவள் வந்திருந்தாள். ஆனாலும் உள்ளங்கை காலியானபோது தாங்க முடியவில்லை. தாங்கிக்கொண்டு மேலே பேசினாள். பாட்டிலைக் கொண்டுபோனது யார் என்று சொன்னாள். வாங்கிக் கவிழ்த்தது யார் என்று சொன்னாள். இவர் ஒரு சொட்டும் தொடவில்லை, இன்றைக்கு இவருக்கு நாற்பத்து மூன்றாவது நாள் என்று சொன்னாள். பின்னால் நின்றிருந்த ஜெபவீட்டு ஆட்களில் யாரோ சத்தமாக மூச்சு விட்டார்கள். அண்ணன் மகன் சுவரோடு சாய்ந்து சரிந்து உட்கார்ந்தான். போதகர் கையிலிருந்த குறிப்புத் தாளைப் பார்த்தார். அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நாற்காலி காலியாக இருந்தும் தரையில் உட்கார்ந்தார்.

அண்ணி அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பிப் பெயிண்டரைப் பார்த்தாள். மூன்று நாளில் முதல்முறையாக அவள் குரல் உடைந்தது.

“அந்தப் பாட்டிலை இவரு என்கிட்ட ஏன் கொண்டு வரல?”

போதகர் தன் பக்கத்திலிருந்த காலி நாற்காலியை அண்ணிக்கு எதிரில் நகர்த்தினார். பெயிண்டர் அதன் நுனியில் உட்கார்ந்தார். வாயைத் திறந்தார். முதல் வார்த்தை பல்லுக்கு இடையில் விசிலடித்துக்கொண்டு சிதறிப் போனது. பழக்கத்தில் கையால் வாயை மூடிக்கொண்டார்.

“கையை எடுப்பா” என்றார் பெரியம்மா, பெட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து. “புதுப் பல்லு முதல்ல அப்படித்தான் இருக்கும். எச்சிலை முழுங்கிட்டு மெதுவாப் பேசு.”

அவர் கையை எடுத்தார். எச்சிலை விழுங்கினார்.

“நானும் அதைத்தான் கேட்டேன். வீட்ல உங்ககிட்டயே குடுத்திருக்கலாமேன்னு. ‘அவ வாங்கிடுவா. வாங்கி, ஒளிச்சு வச்சு, எனக்காக எல்லார்கிட்டயும் பொய் சொல்லுவா. இன்னொரு தடவை அவளை அப்படிப் பண்ண மாட்டேன்’னார்.”

வார்த்தைகள் பாதிக்கு மேல் காற்றாகப் போய்விட்டன. அண்ணி நாற்காலியோடு முன்னால் நகர்ந்து, முழங்காலில் கையூன்றிக் குனிந்து, காதை அவர் பக்கம் கொண்டுபோனாள்.

“திரும்பச் சொல்லுங்க” என்றாள்.